'வட்டியில்லாத் தவணை' வீட்டுக்குக் கொண்டுவரும் மகிழ்ச்சி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் விளக்குத்தூணில் தொடங்கி தெற்கு மாசி வீதி முழுக்கத் தலைகளாகத்தான் தெரியும். துணி எடுத்த கையோடு கூட்டம் டிவி, ஃபிரிட்ஜ் கடைகளுக்கு நகர்கிறது. உங்கள் நாளிதழிலும் முழுப்பக்க விளம்பரங்கள் வரத் தொடங்கிவிட்டன. எல்லா விளம்பரத்திலும் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருக்கிறது. ஓரத்தில் 'வட்டி 0%' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அந்தச் சிரிப்பு பெட்டியோடு சேர்ந்து வீட்டுக்கு வருகிறதா, வந்தால் எத்தனை நாள் தங்குகிறது என்று யாராவது கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அதற்காகவே இந்தக் கடிதம்.

பொருளில் மகிழ்ச்சியே கிடையாது என்பது எல்லாம் இருப்பவர்கள் பேசுகிற பேச்சு. செல்லூரில் பகலெல்லாம் தறிச் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிற பெண்ணுக்கு, துணி தானாகத் துவைந்து பிழிந்து கிடைப்பது பெரிய விடுதலை. ஆட்டுக்கல்லை விட்டு கிரைண்டருக்கு மாறியவர் யாரும் திரும்பி ஆட்டுக்கல்லுக்குப் போக மாட்டார். அன்றாட வேலையின் பாரத்தை இறக்கி வைக்கிற பொருள், இறக்கி வைக்கிற ஒவ்வொரு நாளும் மகிழ்ச்சி தருகிறது. அதை எந்தப் பணத்தில் வாங்குகிறோம், யார் கண்ணுக்காக வாங்குகிறோம் என்ற இரண்டில்தான் கோளாறு நுழைகிறது.

கடைகளில் அதிகம் ஓடுகிற தவணைத் திட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஃபிரிட்ஜின் விலை 24,000 ரூபாய். மாதம் 2,000 வீதம் 12 தவணை. அதில் 4 தவணையை வாங்குகிற அன்றே கட்டிவிட வேண்டும். பிராசஸிங் கட்டணம் 600, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 108. ஆக அன்று கையை விட்டுப் போவது 8,708 ரூபாய். பாக்கி 8 மாதத்தில் 16,000. மொத்தம் 24,708. 'வட்டியே இல்லை, 708 ரூபாய்தான் கூடுதல்' என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள்.

இதே ஃபிரிட்ஜை ரொக்கத்துக்குப் பேரம் பேசினால் 22,800 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் பொருளின் உண்மை விலை 22,800தான். அதில் 8,708 ரூபாயை அன்றே கொடுத்துவிட்டீர்கள். உங்களுக்குக் கிடைத்த கடன் 14,092 ரூபாய் மட்டுமே. அதற்கு 16,000 திருப்பிக் கட்டுகிறீர்கள். எட்டே மாதத்தில் 1,908 ரூபாய் வட்டி. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 35 சதவீதம் வருகிறது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் மூணு வட்டி, அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் மூணு ரூபாய். தெருவில் ஒருவர் மூணு வட்டிக்குக் கடன் தருகிறேன் என்றால் இரண்டு தடவை யோசிக்கிறவர்கள், ஏசி போட்ட கடையில் அதே வட்டிக்கு நன்றி சொல்லிவிட்டு வருகிறார்கள்.

இதில் மாயம் எதுவும் இல்லை. கடன் தருகிற நிறுவனம் கடைக்கு 24,000 ரூபாயை முழுசாகக் கொடுப்பதில்லை. தன் வட்டியைக் கழித்துக்கொண்டுதான் கொடுக்கிறது. கழித்த தொகையைத் தயாரிப்பாளரோ கடைக்காரரோ ஏற்றுக்கொள்கிறார். ரொக்கம் கொடுப்பவருக்குத் தள்ளுபடியாக வந்திருக்க வேண்டிய பணம் அது. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. கிரெடிட் கார்டில் போடும் 'நோ காஸ்ட்' தவணையில் இது வேறு வடிவில் நடக்கிறது. வட்டி அளவுக்கு விலையில் கழித்துக்கொடுப்பார்கள், ஆனால் அந்த வட்டி மீதான 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான். கார்டு பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' மட்டும் கட்டினால் போதும் என்று நினைப்பது இன்னும் ஆபத்து. மீதிப் பணத்துக்கு வட்டி ஓடும். அது முழுசாகத் தீரும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

எல்லாம் முடிவாகும் இடம் கடையின் பின்பக்கம் இருக்கும் சின்ன மேஜை. கையில் டேப்லெட்டோடு ஒரு தம்பி உட்கார்ந்திருப்பார். ஆதார், பான், வங்கிக் கணக்கு எண். முதல் ஓடிபி, உங்கள் கடன் வரலாற்றைப் பார்ப்பதற்கு. அடுத்தது ஒப்பந்தத்துக்குச் சம்மதம். இன்னொன்று, மாதாமாதம் உங்கள் கணக்கிலிருந்து அவர்களே பணம் எடுத்துக்கொள்ள அனுமதி. மூன்றும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிள்ளைகள் அதற்குள் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருப்பார்கள். ஆங்கிலத்தில் ஓடுகிற அந்தப் பக்கங்களை யாரும் படிப்பதில்லை. அவசியம் பார்க்க வேண்டியது கடன் தொகை என்ற ஒரே வரி. பொருளின் விலையிலிருந்து முன்தவணையைக் கழித்தால் வரும் தொகையை விட அது கூடுதலாக இருந்தால், நீட்டிப்பு வாரண்டியோ காப்பீடோ உங்களைக் கேட்காமல் உள்ளே வைக்கப்பட்டிருக்கிறது. அந்த இடத்திலேயே நீக்கச் சொல்லலாம். அப்புறம் நீக்க வேண்டுமானால் நாலு நடை நடக்க வேண்டும்.

தவணை தேதி பெரும்பாலும் மாத முதல் வாரத்தில் வரும். சம்பளம் ஏழாம் தேதி, தவணை ஐந்தாம் தேதி என்றால் கணக்கில் பணம் இருக்காது. கடன் நிறுவனம் ஒரு அபராதம் போடும், வங்கி தன் பங்குக்கு இன்னொன்று போடும். கடன் வரலாற்றிலும் கறை விழும். பிற்பாடு வீட்டுக்கடன் கேட்கும்போதுதான் அது தெரியும். அதனால் ஓடிபி சொல்வதற்கு முன்பே தவணை தேதியைப் பத்துக்குத் தள்ளிக் கேளுங்கள். கடைசித் தவணை கட்டியதும் கடன் முடிந்ததற்கான சான்றை வாங்கி, வங்கியில் அந்த தானியங்கி அனுமதியையும் ரத்து செய்துவிடுங்கள்.

இனி மகிழ்ச்சிக் கணக்குக்கு வருகிறேன். பிலிப் பிரிக்மன் என்ற உளவியலாளரும் அவருடன் இருவரும் அமெரிக்காவில் இல்லினாய் மாநில லாட்டரியில் பெரும் பரிசு வென்ற 22 பேரை விசாரித்து 1978-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வென்றவர்கள் மற்றவர்களை விடக் குறிப்பிடும்படி கூடுதல் மகிழ்ச்சியோடு இல்லை. நண்பரோடு பேசுவது, சாப்பிடுவது போன்ற சாதாரண விஷயங்களில் அவர்களுக்குக் கிடைத்த இன்பம் மற்றவர்களை விடக் குறைவாக இருந்தது. புதிதாக வந்த எதுவும் கொஞ்ச நாளில் மனதுக்குப் பழகிவிடுகிறது. 55 அங்குல டிவி முதல் வாரம் அதிசயம், இரண்டாம் மாதம் சுவரில் இருக்கும் ஒரு சாமான். தவணையோ எட்டாம் மாதம் வரை முதல் நாள் போலவே வந்துகொண்டிருக்கும். பொருளின் மேல் உள்ள ஆசை தீர்வது ஒரு வேகம், கடன் தீர்வது வேறு வேகம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஆறு மாதத்தில்தான் குடும்பங்களில் சண்டை வருகிறது, பள்ளிக் கட்டணம் தள்ளிப்போகிறது, நகை அடகுக்குப் போகிறது.

வரிசையை மாற்றிப் பாருங்கள். அதே 2,000 ரூபாயை வங்கியில் 12 மாத தொடர் வைப்பில் (ஆர்.டி.) மாதாமாதம் போட்டால், 6 சதவீத வட்டியில் ஆண்டு முடிவில் ஏறத்தாழ 24,780 ரூபாய் கையில் இருக்கும். 22,800 ரூபாய்க்கு ரொக்கமாக ஃபிரிட்ஜை எடுத்தால் 1,980 ரூபாய் மிச்சம். தவணைக்காரர் 24,708 செலவழித்த அதே பொருள். இதற்கு இன்னொரு பலனும் உண்டு. சேர்க்கிற பன்னிரண்டு மாதமும் அந்தப் பொருளை எதிர்பார்க்கும் சந்தோஷம் வீட்டில் இருக்கும். எந்தக் கம்பெனி, எத்தனை லிட்டர், எத்தனை ஸ்டார் என்று பேச்சு நடக்கும். ஆறாம் மாதத்திலேயே 'இது நமக்கு வேண்டாம்' என்று தோன்றினால், பணம் நம்மிடமே இருக்கிறது. தவணையில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

காத்திருக்க முடியாத நிலையும் வரும். வீட்டில் இன்சுலின் போடுகிறவர் இருக்கிறார், ஃபிரிட்ஜ் இன்றே வேண்டும். கையில் 24,000 இல்லை. அப்படியென்றால் கடன் வாங்குவதில் குற்றமில்லை, மலிவான கடனாக வாங்குங்கள். வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ நகைக் கடன் இந்த 35 சதவீதத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைந்த வட்டி. அதை எடுத்துக் கடையில் ரொக்க விலை பேசுங்கள். குறித்த நாளில் நகையை மீட்கும் வழி தெரியாமல் மட்டும் அடகு வைக்காதீர்கள்.

பழசைக் கழித்துவிட்டுப் புதுசு வாங்கும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாற்றுச் சலுகையில் கொடுக்கப்படும் பல பொருட்களுக்கு சாவு இன்னும் வரவில்லை. ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறதா, கையால் தள்ளிவிட்டால் மட்டும் ஓடுகிறதா? மேலே கிண்ணத்துக்குள் இருக்கும் கப்பாசிட்டர் போய்விட்டது. பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட், விலை நூறு ரூபாய்க்குள். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீசியன் பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவார். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங். மிக்ஸி பாதியில் நின்றால் அடியில் சிவப்புப் பொத்தான் இருக்கும். மோட்டார் சூடேறியதால் அது தானாகத் துண்டித்திருக்கிறது. கொஞ்சம் ஆறவிட்டு அழுத்தினால் ஓடும். மோட்டார் சுற்றுகிறது, பிளேடு சுற்றவில்லை என்றால் மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளரின் பல் தேய்ந்திருக்கிறது. கருகல் வாடையோடு நெருப்புப் பொறி தெரிந்தால் மோட்டாரில் உள்ள கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும்.

மிக்ஸியில் பலரும் கவனிக்காமல் விடுவது ஜாரின் அடியில் கசிவது. புஷ் தேய்ந்து சட்னி சொட்டுச் சொட்டாக இறங்கும். துடைத்துவிட்டு ஓட்டிக்கொண்டே இருப்போம். அந்த ஈரமும் உப்பும் மோட்டார் தண்டு வழியாக உள்ளே போய் பேரிங்கைத் துருப்பிடிக்கவைத்து, கடைசியில் மோட்டாரின் கம்பிச்சுருளையே எரித்துவிடும். சின்னச் செலவில் முடிய வேண்டியது புது மிக்ஸியில் போய் நிற்கும். ஃபிரிட்ஜுக்கும் அப்படி ஒரு சோதனை உண்டு. கதவிடுக்கில் பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் கேஸ்கெட் பிடிக்கவில்லை. குளிர் வெளியே போகிறது, கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடுகிறது, கரண்ட் பில் ஏறுகிறது. வெந்நீரும் சோப்பும் போட்டு ரப்பரின் மடிப்புகளைத் துடைத்தாலே பல வீடுகளில் சரியாகிவிடும். 'கம்ப்ரஸருக்கு 10 வருட வாரண்டி' என்பது அந்தப் பாகத்துக்கு மட்டும். வாயு நிரப்புவதும் கூலியும் பெரும்பாலும் நம் செலவு.

ஒரு பொருளைத் திறந்து பார்த்து, எங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்து, பழுதானால் சரிசெய்துகொள்ள முடிந்தால் அது நமக்குச் சொந்தம் என்ற நிறைவு வருகிறது. அடுத்த மாடல் வந்ததும் அது பழசாகிவிடுவதில்லை.

பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா தன் கடைசிக் காலத்தைக் கழித்தது நம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான். வாழ்க்கைத் தரத்தை 'உயர்ந்தது', 'தாழ்ந்தது' என்று பிரிப்பதை அவர் ஏற்கவில்லை. 'சிக்கலானது', 'எளிமையானது' என்றுதான் பிரிக்க வேண்டும் என்றார். எத்தனை பொருள் இருக்கிறது என்பதை வைத்து ஒருவரை உயர்ந்தவர் என்று சொல்லும் சொல்லிலேயே ஏமாற்று இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைய தவணை அட்டைகளை அவர் பார்க்கவில்லை. ஆனால் 'சிக்கலானது' என்ற சொல் அவற்றுக்கு அப்படியே பொருந்துகிறது.

யார் கண்ணுக்காக என்று முதலில் கேட்டேன். திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் முகூர்த்த நாட்களில் குட்டியானை வண்டியில் சீர்வரிசை போவதைப் பார்க்கலாம். பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், எல்லாம் அட்டைப்பெட்டி பிரிக்காமல், நாலு பேர் பார்க்கும்படி. மாப்பிள்ளை வீட்டில் ஏற்கெனவே ஒரு ஃபிரிட்ஜ் இருக்கும். புதுசு கவர் மாட்டிய நிலையில் ஓரமாக நிற்கும், வாரண்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பொருள் மகள் வீட்டில், தவணை அப்பா வீட்டில். செய்முறை செய்யாமல் இருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். மொய் நோட்டைப் புரட்டுகிற ஊர் இது. சம்பந்தி வீட்டாரிடம் கூச்சப்படாமல் ஒரு வார்த்தை கேட்டு, இருக்கும் பொருளை விட்டுவிட்டு, அந்தத் தொகையை மகள் பெயரில் வங்கியில் போடலாம். பொருளாகத்தான் கொடுப்பது என்றால் பில்லையும் வாரண்டி அட்டையையும் மகளிடமே கொடுத்துவிடுங்கள். சர்வீஸுக்கு ஆள் வந்ததும் முதலில் கேட்பது பில்லைத்தான்.

பணம் மகிழ்ச்சியாக மாறுகிற இடமும் இந்த ஊரில் உண்டு. எலிசபெத் டன் என்ற உளவியலாளரின் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வில், சிலருக்குக் காலையில் 5 டாலரோ 20 டாலரோ கொடுத்து, சாயங்காலத்துக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். பாதிப் பேர் தங்களுக்காக, பாதிப் பேர் அடுத்தவருக்காக. அடுத்தவருக்குச் செலவழித்தவர்களே மாலையில் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். 5 டாலரா 20 டாலரா என்பதில் வித்தியாசமே இல்லை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் நீர்மோர் பந்தல் போடுகிறவர்களுக்கு இதை யாரும் ஆராய்ச்சி செய்து சொல்ல வேண்டியதில்லை. ஒரு லிட்டர் தயிருக்கு நாலைந்து லிட்டர் தண்ணீர், உப்பு, தட்டிய இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி. முதல் நாள் இரவே உறை ஊற்றி, காலையில் கடைந்து, வெயில் ஏறுவதற்குள் பானையில் ஊற்றி, ஈரத்துணி சுற்றி வைக்க வேண்டும். தயிர் புளித்துவிட்டால் மோர் குடிக்க ஆகாது என்பதால் விடிய விடிய ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். வெயிலில் வந்தவர் ஒரு டம்ளர் குடித்து மூச்சு விடுவதைப் பார்க்கிற அந்த முகங்களில் உள்ள நிறைவை எந்த ஷோரூம் வாசலிலும் பார்க்க முடியாது. அதற்குத் தவணையும் கிடையாது.

ஆசிரியரிடமும் நம் ஊர் வியாபாரிகளிடமும் ஒரு கோரிக்கை. 2024 அக்டோபர் 1 முதல், புதிதாகத் தரும் சில்லறைக் கடன் ஒவ்வொன்றுக்கும் 'முக்கிய விவர அறிக்கை' ஒன்றைக் கடன் தருபவர் கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி அதில் இருக்க வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், மதுரையில் அது தமிழ். அதில் சொல்லாத கட்டணத்தை, வாங்குபவரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்கக் கூடாது. ஏழு நாளோ அதற்கு மேலோ ஓடும் கடனுக்கு அந்த அறிக்கை குறைந்தது மூன்று வேலை நாள் செல்லுபடியாகும். வீட்டுக்கு எடுத்துப் போய் யோசித்துவிட்டு வர உரிமை இருக்கிறது. 'இன்றே கடைசி' என்று அவசரப்படுத்தினால் அதைக் கையில் கேளுங்கள். கிரெடிட் கார்டு பாக்கிக்கு இந்த அறிக்கை கிடையாது. அங்கே இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். ஆப் வழியாக எடுத்த கடன் என்றால் குறைந்தது ஒரு நாள் அவகாசத்துக்குள் அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் கட்டி அபராதமின்றி வெளியே வரலாம். நியாயமான பிராசஸிங் கட்டணத்தை மட்டும் பிடித்துக்கொள்ள அவர்களுக்கு அனுமதி உண்டு. வசூலுக்கு ஆள் வருவதோ போன் செய்வதோ காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கூடாது. கடன் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரின் 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். பொருளே பழுது, கடை கைவிரிக்கிறது என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கடைக்காரர்கள் விலைச்சீட்டில் தவணைத் தொகைக்குப் பக்கத்திலேயே ரொக்க விலையையும் ஆண்டு வட்டியையும் அதே அளவு எழுத்தில் போட வேண்டும். உங்கள் நாளிதழும் 'வட்டி 0%' என்று வரும் விளம்பரங்களில் அந்த இரண்டு எண்களையும் கேட்டு வாங்கி அச்சிட வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை தீபாவளிச் சிறப்புப் பக்கத்திலேயே இதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
வாசகர்,
செல்லூர், மதுரை-2